மூன்றா, நான்கா?

உங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை காலையில் எழும்பி விரல்களை மடக்க முடியாமல் குந்தியிருந்தால் என்ன சொல்வீர்கள்? நாங்கள் வாதம் என்றோம். அவளுடைய மாமி வேறு பெயர் வைத்தார்: சோம்பல்.

2008ஆம் ஆண்டு. என் தங்கச்சிக்கு வயது 26. மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வீங்கின. வாயினுள் புண். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. இடைக்கிடை கடும் காய்ச்சல். (டெங்கு இல்லை, நம் நாட்டில் முதல் சந்தேகம் அதுதானே.) ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையிலும் நோயின் அறிகுறி தெரிந்தது. ஆனாலும் ஒரு கிளினிக்கில், "லூபஸ் என்று எழுத நான்கு அடையாளம் வேண்டும், இவருக்கு மூன்றுதான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமிக்கு அது போதும். "டாக்டரே ஒண்டுமில்லண்டு செல்லிட்டாரே!"

அந்த நான்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்க மூட்டுநோய் நிபுணர்கள் 1982இல் வகுத்து 1997இல் திருத்திய பட்டியலில் 11 அடையாளங்கள். நான்கு இருந்தால் லூபஸ். மூட்டு வீக்கம், வாய்ப்புண், ஏ.என்.ஏ. ஆகிய மூன்றும் அதில் உண்டு. முடி உதிர்வுமில்லை, காய்ச்சலுமில்லை. முகச் சிவப்புக்கு ஒன்று, வெயில் பட்டு வரும் தடிப்புக்கு இன்னொன்று உண்டு. வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு எங்கள் மாநிறத்தில் மங்கித்தான் தெரியும் என்பதை யார் நினைத்தார்கள்?

2012இல் வந்த சர்வதேசப் பட்டியல் முடி உதிர்வையும் சேர்த்தது. தங்கச்சிக்கு நான்கு! 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்கள் புள்ளி முறை கொண்டுவந்தார்கள். ஏ.என்.ஏ. இருந்தால்தான் உள்ளே வரலாம். பிறகு மூட்டுக்கு 6, வாய்ப்புண்ணுக்கு 2 (முடியும் அதே பிரிவு, இரண்டையும் கூட்டக்கூடாது), காய்ச்சலுக்கு 2. மொத்தம் 10. தேவைப்படுவதும் 10தான்.

பட்டியல்களைச் சோதித்துப் பார்த்தபோது, லூபஸ் உள்ள 100 பேரில் 1997 பட்டியல் ஏறத்தாழ 83 பேரையும் 2019 பட்டியல் 96 பேரையும் பிடித்தன. 2012 பட்டியலும் அதே அளவு பிடித்தது, ஆனால் நோயில்லாதவர்களையும் கூடுதலாக இழுத்துக்கொண்டது. ஆகவே நோயாளிகள் இன்ன வயதினர், இன்ன இனத்தவர் என்று எங்காவது வாசித்தால், எந்தப் பட்டியலால் எண்ணினார்கள் என்றும் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பது தெரிந்த விடயம். அந்த ஒன்பதுக்குள் என் தங்கச்சி அன்று இல்லை.

2010இல் அவளுடைய சிறுநீரில் புரதம் போனது. வேறொரு வைத்தியர் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "மகள், இந்தப் பட்டியலெல்லாம் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க. மருந்து கொடுக்க மூன்றா நான்கா என்று பார்த்திருக்கத் தேவையில்லை" என்றார். அன்றே மருந்து தொடங்கியது. சிறுநீரகம் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். இழந்த இரண்டு வருடத்தை நினைத்தால் மட்டும் எனக்கு இன்னும் கோபம் வரும்.

மாமி மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அவள் வெளியே இறங்கினால், "குடைய எடுத்துக்கோ புள்ள, வெயில் படக்கூடா" என்று வாசலிலிருந்து கூப்பிடுகிறார்.