மெய்நிகர் உலகில் மதிப்பெண் போடுவது எப்படி?

தேர்வு என்றால் கேள்வித்தாள், மூன்று மணி நேரம், சிவப்பு மை. இதுதான் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் கணினிக்குள் இருக்கும் ஓர் ஊரில் சுற்றித் திரிந்து பாடம் படிக்கும் மாணவனுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

இதற்கு நல்ல உதாரணம் 'ரிவர் சிட்டி'. 2000களில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் டீட் தலைமையிலான குழு உருவாக்கிய மெய்நிகர் உலகம் இது. 19ஆம் நூற்றாண்டு ஊர். அங்கே பலருக்கு நோய். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் சிறு குழுக்களாக உள்ளே போய் ஊர்க்காரர்களிடம் பேசுவார்கள், ஆற்று நீரைச் சோதிப்பார்கள், கொசுக்களை எண்ணுவார்கள். நீரால் ஒரு நோய், காற்றால் ஒன்று, பூச்சியால் ஒன்று என மூன்றும் கலந்திருப்பதால் காரணம் சுலபமாகப் பிடிபடாது. கடைசியில் தாங்கள் கண்டுபிடித்ததை ஊர் மேயருக்குக் கடிதமாக எழுத வேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கிய மாணவர்கள் பலர், கடிதத்தில் நல்ல மதிப்பெண்காரர்களுக்குச் சமமாக எழுதியிருந்தார்கள். அப்படியென்றால் அவர்களுக்குத் தெரிந்ததை அந்தத் தேர்வு வெளியே கொண்டுவரவில்லை. பழைய முறை மட்டும் இருந்திருந்தால் அவர்கள் 'மக்கு' என்ற பெயரோடு போயிருப்பார்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. யார் எங்கே போனார், யாரிடம் பேசினார் என்பதையெல்லாம் கணினி நேரத்தோடு பதிந்து வைக்கும். வணிகவியல் மாணவர்களுக்கு இது எளிதில் புரியும். லாப நட்டக் கணக்கின் கடைசி வரியை மட்டும் பார்த்து ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார், வவுச்சரையும் புரட்டுவார்.

ஆனால் வவுச்சர் மட்டுமே கணக்கு ஆகிவிடாது. ஒரு மாணவன் ஆற்றங்கரைக்குப் பத்து முறை போனான் என்று பதிவு சொல்லும். சந்தேகத்தோடு தேடினானா, வழி தெரியாமல் அலைந்தானா என்று சொல்லாது. வீட்டில் கணினி விளையாட்டு ஆடிப் பழகியவன் வேகமாக நகர்வான். அந்த வேகம் அறிவியல் அறிவு அல்ல. ஒவ்வொரு அடிக்கும் மதிப்பெண் என்றால் தவறான கதவைத் திறக்கவே பிள்ளைகள் பயப்படுவார்கள். தவறான கதவைத் திறந்து பார்க்காமல் ஆராய்ச்சி ஏது?

எனவே எதற்கு மதிப்பெண் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்து மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். பழகிக்கொள்ளும் நேரத்துக்கு மதிப்பெண் கூடாது. 'ஏன் அங்கே போனாய்?' என்று அவனிடமே கேட்கவும் வேண்டும். கணினி எவ்வளவு பதிந்து வைத்தாலும், அந்தப் பதிலைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஓர் ஆசிரியர் தேவை.