ரிவால்வரும் எஸ்-3 படிவமும்

போன வாரம் ஷூட்டிங் ரேஞ்ச்ல எடுத்த ஒரு போட்டோ போட்டேன். அதுலேர்ந்து இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்வி. "டாக்டர், போட்டிக்கு ரிவால்வர் வாங்கணும்னா எது வாங்கலாம்? எப்படி செட் பண்ணணும்?" கேட்டவங்கள்ல பாதிப் பேர் யூடியூப்ல பிராக்டிகல் ஷூட்டிங் பார்த்துட்டு வந்தவங்க. மீதிப் பேரு 2022-ல திருச்சியில நடந்த மாநிலப் போட்டியில அஜித் பதக்கம் வாங்கினதுலேர்ந்து ஆசையோட இருக்காங்க. தனித்தனியா பதில் எழுத நேரமில்ல. கொஞ்சம் நீளமான த்ரெட், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல நீங்க பார்த்த வீடியோ. அது ஐ.பி.எஸ்.சி. 1976-ல அமெரிக்காவுல மிசூரி மாநிலம் கொலம்பியாவுல ஆரம்பிச்ச அமைப்பு. ஓடி, குனிஞ்சு, தடுப்புக்குப் பின்னாலேர்ந்து எட்டிப் பார்த்து அட்டை இலக்குகளைச் சுடணும். கிடைச்ச புள்ளியை எடுத்துக்கிட்ட நொடியால வகுப்பாங்க. நிதானமா சுட்டாலும் அடி, அவசரப்பட்டாலும் அடி. அதுல ரிவால்வருக்குன்னு தனிப் பிரிவே உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 929 மாதிரி எட்டு ரவுண்டு 9 மி.மீ. ரிவால்வர், இல்லன்னா 625 மாதிரி ஆறு ரவுண்டு .45. மொத்தத் தோட்டாவையும் மூன் கிளிப்னு ஒரு வட்டத் தகட்டுல மாட்டி ஒரேயடியா உள்ள தள்ளுவாங்க. 1999-ல ஜெர்ரி மிக்குலெக் 625-ஐ வச்சு ஆறு ரவுண்டு சுட்டு, திரும்ப நிரப்பி, இன்னொரு ஆறு சுட்டு முடிக்க 2.99 நொடிதான் ஆச்சு. எங்க ஓ.பி. கவுண்டர்ல "பேர் என்னம்மா"னு கேட்டு முடிக்கவே அதுக்கு மேல ஆகும்.

இப்ப தாம்பரத்துக்கு வருவோம். 9 மி.மீ., .38 ரெண்டுமே நம்ம நாட்டுல தடைசெய்யப்பட்ட ரகம். ராணுவமும் போலீசும் பயன்படுத்துற தோட்டாங்கிறதால உங்களுக்கும் எனக்கும் கிடையாது. சாதாரணமா லைசென்ஸ்ல கிடைக்கிறது .32. இங்க ஒரு சின்ன கணக்கு. தோட்டா எடையை கிரெய்ன்ல எடுத்து, வேகத்தை நொடிக்கு இத்தனை அடின்னு எடுத்து, பெருக்கி ஆயிரத்தால வகுத்தா வர்றது பவர் ஃபேக்டர். ஐ.பி.எஸ்.சி.யில குறைஞ்சது 125 வேணும். .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டா 98 கிரெய்ன், வேகம் சுமார் 700 அடி. கணக்கு போட்டா 69 கூட தாண்டாது. வீடியோல பார்த்த போட்டிக்கு நம்ம ஊர் ரிவால்வரை எடுத்துட்டுப் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.

அதனால இங்க ரிவால்வருக்குப் பக்கத்துல வர்ற போட்டி 25 மீட்டர் சென்டர் ஃபயர். 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரைக்கும் அனுமதி, .32 அதுக்குள்ள அடங்கிடும். மொத்தம் 60 ரவுண்டு, ஒரே கையில. முதல் 30 நிதானமா. அடுத்த 30-ல இலக்கு மூணு நொடி முகம் காட்டும், ஏழு நொடி மறைஞ்சிடும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ரவுண்டு. 2006 தோஹா ஆசியப் போட்டியில ஜஸ்பால் ராணா காய்ச்சலோட நின்னு 590 அடிச்சு உலக சாதனையை சமன் செஞ்சது இந்தப் போட்டியிலதான். (காய்ச்சலோட ரேஞ்சுக்குப் போகாதீங்க. அவர் வேற, நாம வேற.) இதுல பெரிய ஆட்கள் வச்சிருக்கிறது பெரும்பாலும் மேட்ச் பிஸ்டல்தான். ரிவால்வர்ல ஆடுறவங்க கொஞ்சம் பிடிவாதக்காரங்க. நானும் அந்தக் கட்சி.

எதை வாங்குறது? கான்பூர் அரசு தொழிற்சாலை ரிவால்வர் தற்காப்புக்குன்னு செஞ்சது. குட்டைக் குழல், நகர்த்த முடியாத குறி. 2014-ல பெண்களுக்காகன்னு வந்த நிர்பீக் வெறும் 500 கிராம், விலை அப்பவே 1,22,360 ரூபாய். கைப்பையில வைக்க எடை குறைவு நல்லது. ரேஞ்ச்ல அதே குறைந்த எடை எதிரி. கை நடுக்கம் அப்படியே குறிக்குப் போகும், உதைப்பும் அதிகம். போட்டிக்கு வேணும்னா நீளக் குழல் (விதிப்படி 153 மி.மீ. வரைக்கும் போகலாம்), திருகி நகர்த்தக்கூடிய பின்குறி, கொஞ்சம் கனம். அந்த மாதிரி துப்பாக்கி இங்க பெரும்பாலும் பழைய இறக்குமதி. 1980-களின் நடுவுல சாதாரண ஆளுங்களுக்கு இறக்குமதியை நிறுத்தினதுலேர்ந்து கை மாறிக் கை மாறி வர்றது, விலையும் அதுக்கேத்த மாதிரி.

பழசு வாங்குறவங்க பார்க்க வேண்டியது: காலியா இருக்கான்னு ரெண்டு தடவை சரி பார்த்துட்டு, சுத்தியலை மெதுவா இழுங்க. ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேரா வந்து "டக்"னு பூட்டணும். ஆறு அறைக்கும் தனித்தனியா பாருங்க. ஒண்ணு அரை மி.மீ. தள்ளி நின்னாக்கூட ஈயம் சீவி பக்கவாட்டுல தெறிக்கும், பக்கத்துல நிக்கிறவர் கன்னம் பாவம்.

செட் பண்றதுல முதல் வேலை பிடி. சர்ஜிக்கல் கிளவ்ஸ் 6.5 போடுற கையும் 8 போடுற கையும் ஒரே பிடியைப் பிடிக்க முடியாது. ஆள்காட்டி விரலோட முதல் கணு டிரிக்கர்ல உக்காரும்போது மணிக்கட்டு வளையாம இருந்தா அதுதான் உங்க அளவு. ரெண்டாவது டிரிக்கர். சென்டர் ஃபயர்ல குறைஞ்சது 1000 கிராம் இழுவை இருக்கணும்னு விதி, எடைக்கல்லைத் தொங்கவிட்டு சோதிப்பாங்க. லேசா வேணும்னு சுத்தியல் ஸ்பிரிங்கை வெட்டுனா பிரைமரை ஒழுங்கா அடிக்காது, "கிளிக்"னு மட்டும் சத்தம் வரும், அந்த மூணு நொடி போச்சு. நீங்களா கை வைக்கவே வேண்டாம், ஆயுதச் சட்டப்படி ரிப்பேருக்கும் லைசென்ஸ் உள்ள ஆள்தான் வேணும்.

டாக்டரா ரெண்டு வரி. சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், உள்காது செல்கள் ஒரு தடவை செத்தா திரும்ப முளைக்காது. ரிவால்வர்ல சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில சூடான வாயு வெளிய வரும், அங்க விரல் போகக்கூடாது. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குறதுக்கு முன்னாடி கையைக் கழுவுங்க, சட்டையை மாத்துங்க. ஈயம்.

இப்ப நான் நிஜமா சொல்ல வந்தது.

2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் கேக்குறவர் எஸ்-3னு ஒரு படிவம் கொண்டு வரணும். இவர் உடலாலயும் மனசாலயும் தகுதியானவர், போதைக்கு அடிமை இல்லைன்னு டாக்டர் கையெழுத்து போடணும். எங்க ஓ.பி.யில ஒருத்தர் அதை நீட்டினார். அம்பது வயசிருக்கும். வரிசையில எனக்கு முன்னால எண்பது பேர். கையெழுத்துக்கு பத்து நொடி போதும். ஏதோ தோணி, "தூக்கம் எப்படிண்ணே?"ன்னு கேட்டேன். மனைவி இறந்து நாலு மாசம்னார். அப்புறம் பேசல, தோளு மட்டும் குலுங்குச்சு. நான் கையெழுத்து போடல, மனநலப் பிரிவுக்கு நானே கூட்டிட்டுப் போனேன். தற்கொலை எண்ணம் பல பேருக்குக் கொஞ்ச நேரத்துல தணிஞ்சுடும். அந்த நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல என்ன இருக்குங்கிறது உயிர் சமாச்சாரம்.

ஒரு வருஷம் கழிச்சு எனக்கு ஒரு நல்ல ரிவால்வர் அமைஞ்சது. நாலு அங்குலக் குழல், நகரும் பின்குறி, பூட்டு சுத்தம். என்னோட எஸ்-3-ஐ எடுத்துக்கிட்டு வேற ஆஸ்பத்திரியில இருக்கிற சீனியர் மேடம்கிட்ட போனேன். தெரிஞ்சவங்க, ரெண்டு நிமிஷ வேலைன்னு நினைச்சேன். பேனாவைத் திறந்துட்டு, "தூங்குறியாப்பா?"ன்னாங்க.

"நல்லா தூங்குறேன் மேடம்"னு சொல்ல வாயைத் திறந்தேன். வரல. அந்த நாலு மாசமா ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு. நைட் டியூட்டியில ஒரு சின்னப் பொண்ணைக் காப்பாத்த முடியாமப் போனதுலேர்ந்து. வீட்ல கூட சொல்லல. ரேஞ்சுக்குப் போறதே அந்த ஒரு மணி நேரம் தலைக்குள்ள சத்தம் இல்லாம இருக்கத்தான். எல்லாத்தையும் அங்க உக்காந்து சொன்னேன். மேடம் பேனாவை மூடிட்டாங்க. "துப்பாக்கி எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல மருந்து ஆரம்பிக்கலாம்."

விக்கிறவர் வேற ஆளைப் பார்த்துக்கிட்டார். வருத்தம்தான், பொய் சொல்லல. இப்ப கிளப் ரிவால்வர்லதான் சுடுறேன். பிடி எனக்குக் கொஞ்சம் பெருசு, முடிஞ்சதும் அங்கயே பெட்டகத்துல வச்சுப் பூட்டிட்டு வெறுங்கையோட ஜி.எஸ்.டி. ரோட்ல வண்டி ஓட்டிட்டு வீட்டுக்கு வர்றேன்.

யாருக்காவது அந்த மூணு மணி முழிப்பு இருந்தா 14416-க்குக் கூப்பிடுங்க, டெலி மனஸ், தமிழ்லயே பேசலாம். 104-ம் இருக்கு. எந்த டாக்டர்கிட்டயும் சொல்லலாம், டாக்டர்களும் சொல்லலாம்.

இந்த மாசம் ஆறு மணி நேரம் தூங்குறேன். அடுத்த மாசம் மேடத்தைப் பார்க்கணும். எஸ்-3 பைல அப்படியே இருக்கு, தேதி மட்டும் போடல.