சொல்லப்பட்ட குறைகள்

மதரஸாவில் வணிகப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் குதிரை வாங்கிய சம்பவத்தை மாணவர்களுக்கு எடுத்துரைப்பது எங்கள் வழக்கம். அவர்களுடைய பணியாளர் 300 திர்ஹத்திற்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து, பணம் பெற்றுக்கொள்ள அதன் உரிமையாளரையும் உடன் அழைத்து வருகிறார். ஜரீர் (ரலி) குதிரையைப் பார்த்துவிட்டு, இது 300ஐ விட மதிப்புடையதாயிற்றே என்கிறார்கள். நூறு நூறாகத் தாமே விலையை உயர்த்திக்கொண்டே போய், இறுதியில் 800 திர்ஹம் கொடுத்து வாங்குகிறார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலன் நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களின் கரம் பற்றி அளித்த உறுதிமொழியே அதற்குக் காரணம் என்றும் சொல்கிறார்கள். இமாம் தபரானி அறிவித்துள்ள இச்சம்பவத்தை ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இமாம் நவவி அவர்கள் எடுத்தெழுதியுள்ளார்கள். வாங்குபவரே விலையை ஏற்றுகிறாரே என்று மாணவர்கள் ஆண்டுதோறும் சிரிப்பார்கள். நாங்களும் உடன் சிரிப்போம்.

இவ்வாண்டு அந்தப் பாடத்திற்கு முன்பே எங்களுக்கு வேறொரு பாடம் வாய்த்தது.

உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, ஹைதராபாத்தில் வாழ்க்கைப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன. உம்மாவுக்கு முழங்கால் மடக்க இயலாது. ரயில் பெட்டியின் குறுகிய கழிப்பறையும், நள்ளிரவில் பிளாட்பாரத்தில் இறங்கி ஏறுவதும் அவர்களால் ஆகாதவை. ஆகவே ஷவ்வாலில் மதரஸா திறப்பதற்குள், எங்கள் குடும்பமும் தம்பியின் குடும்பமுமாக ஒன்பது பேர், மேலப்பாளையத்திலிருந்து ஹைதராபாத் வரை சாலை வழியே போய் வருவதென முடிவாயிற்று. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். வாடகை வேனுக்குக் கேட்ட தொகை எங்களைத் திகைக்க வைத்தது. தம்பிக்குத் துணி வியாபாரத்திற்கு எப்படியும் ஒரு வண்டி தேவை. இருவரும் பாதிப் பாதி போட்டுப் பழைய வேன் ஒன்றை வாங்கிவிடலாமே என்றார். ஷஅபான் மாதம் முழுவதும் வண்டி பார்ப்பதிலேயே கழிந்தது.

துணைக்கு வந்தவர், சிறு வயதில் எங்களிடம் மக்தப் ஓதிய ஒரு மெக்கானிக். இன்று அவர் எங்களுக்கு ஆசிரியர். முதலில் பார்த்தது புறவழிச்சாலையில் உள்ள ஒரு கன்சல்டிங் கடையில். கண்ணாடி போல் மின்னிய வண்டி. ஒரே ஒரு டாக்டர் மட்டும் ஓட்டியது என்றார்கள். (பழைய வண்டிகளை எல்லாம் டாக்டர்களே ஓட்டியிருக்கிறார்கள், நம் நாட்டில் இத்தனை டாக்டர்களா என்று வியந்தோம்.) மெக்கானிக் என்ஜினைக்கூடத் திறக்கவில்லை. பின் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தார். வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி முழத்தில் மண் நிறத்தில் ஒரு கோடு. "ஹஜ்ரத், இது வெள்ளத்துல நின்ன வண்டி" என்றார் மெதுவாக. 2023 டிசம்பரில் எங்கள் பகுதி பட்டது யாவரும் அறிந்ததே. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. அன்று நீரில் நின்ற வாகனங்களில் பல கழுவித் துடைக்கப்பட்டு இன்றும் சாலையில் ஓடுகின்றன. இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்பின் அடியில் காய்ந்த வண்டல், பெல்ட்டின் உட்சுருளில் கறை: கழுவுகிறவர்கள் மறந்துவிடும் இடங்கள் இவை. உணவு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டறிந்த ஹதீஸ் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. அந்தக் கடையிலிருந்து நேர்மையின் பெருமிதத்தோடு வெளியே வந்தோம்.

இரண்டாவது வண்டியைக் காலை ஏழு மணிக்கே போய்ப் பார்த்தோம். பானட்டைத் தொட்டால் சுட்டது. ஆறிய என்ஜினை முதன்முதலில் முடுக்கும்போதுதான் அதன் நோய் புகையாக வெளிப்படும் என்பதால், ஆள் வருமுன் ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவார்களாம். நீல நிறப் புகையானால் ஆயில் எரிகிறது. கரும்புகையானால் டீசல் மிகுதியாகப் போகிறது. வெண்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் நீர் என்ஜினுக்குள் கசிகிறது. மீட்டர் 58,000 காட்டியது. கிளட்ச் மிதியின் ரப்பரோ வழுவழுவெனத் தேய்ந்திருந்தது. சலாம் சொல்லித் திரும்பினோம்.

மூன்றாவது, களக்காட்டுப் பக்கம் ஒரு வாழை விவசாயியின் வீட்டில் நின்றது. பத்து இருக்கை டீசல் வேன், 2014ஆம் ஆண்டுப் பதிவு, சொந்த உபயோகத்திற்கான வெள்ளை போர்டு. அண்ணன் தம்பிகள் கூட்டுக் குடும்பமாக இருந்தபோது வாங்கியது. பாகம் பிரிந்தபின் ஓட்ட ஆளில்லை. கேட்ட விலை 5,40,000 ரூபாய்.

மெக்கானிக் தம் கைவிளக்கை எடுக்குமுன் அவரே பேசத் தொடங்கினார். "பாய், மொதல்லயே சொல்லிடுதேன். போன வருசம் ஹெட் கேஸ்கட் போயிட்டு. ஹெட்டக் கழத்தி ஃபேசிங் பண்ணி, புதுசு போட்ருக்கு. பில்லு இந்தா இருக்கு. மீட்டர் கேபிள் எட்டு மாசம் அறுந்து கெடந்துது, அதனால மீட்டர்ல இருக்கதவிட முப்பதாயிரம் கிலோமீட்டராவது கூட வச்சிக்கிடுங்க. எடது பக்கம் அடியில துரு இருக்கு, குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

நாங்கள் வாயடைத்து நின்றோம். மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஆறிய நிலையில் முடுக்கினார், புகை சுத்தம். ஆயில் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற படிவு இல்லை. ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைப் படித்தார். முதல் இரண்டும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். நான்கு டயர்களும் இரண்டு வயதுக்குட்பட்டவை. ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் நீக்கப்பட்டிருந்தது. "கேஸ்கட் வேலை நல்லாப் பண்ணிருக்காங்க ஹஜ்ரத், பயப்பட வேண்டாம்" என்று எங்களிடம் தனியே சொன்னார்.

அதன்பின் நாங்கள் செய்ததை எழுதுவதற்காகவே இக்கட்டுரை.

உட்கார்ந்து பேரம் பேசினோம். கேஸ்கட் போன வண்டி என்பதற்கு 30,000 குறைக்கச் சொன்னோம். மீட்டருக்கு 25,000. துருவுக்கு 15,000. அவர் தம் வாயால் சொன்ன மூன்று வாக்கியங்களையும் மூன்று கத்திகளாக்கி அவர் முன்னாலேயே வைத்தோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, ஐந்தே காலுக்குக் கீழே முடியாது என்றார். மோர் கொண்டு வந்த அவர் மனைவி, நர்சிங் படிக்கும் மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதை எங்கள் வீட்டுப் பெண்களிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அது எங்கள் காதிலும் விழுந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தோம். செவ்வாயும் புதனும் வேண்டுமென்றே போன் செய்யவில்லை. வியாழக்கிழமை காலையில் அவரே அழைத்தார். 4,70,000க்கு முடிந்தது. படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து. 70,000 ரூபாய் மிச்சம் என்று வீட்டில் இனிப்பு வாங்கினோம்.

ஷரீஅத்தின் அளவுகோலில் அந்த ஒப்பந்தத்தில் குறையில்லை. இருவரும் சம்மதித்தோம், பொருள் தெரியும், விலை தெரியும். நிர்ப்பந்தத்தில் சிக்கியவனிடம் வாங்குவதைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் பேசுவது இதைவிடக் கடுமையான நிலைமைகளை. எங்களிடம் ஃபத்வா கேட்டு வேறொருவர் வந்திருந்தால், பேரம் ஆகுமானது என்றே பதில் சொல்லியிருப்போம்.

ஷவ்வால் பிறை ஐந்தில் ஸுப்ஹு தொழுதுவிட்டு, பயண துஆ ஓதிப் புறப்பட்டோம். மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்ற நபிவழிப்படி உம்மாவையே அமீராக்கினோம். எங்கே நிறுத்துவது, எப்போது தேநீர் என்பதெல்லாம் அவர்கள் கட்டளை. மதுரை, கரூர், நாமக்கல் கடந்து சேலத்தை எட்டும்போது பிற்பகல் இரண்டு மணி. ஏப்ரல் வெயில். அங்கே ளுஹரைக் கஸ்ராகத் தொழுதோம். இனித் தொப்பூர் ஏற்றம். தருமபுரியிலிருந்து இறங்கும் பக்கம்தான் விபத்துகளுக்குப் பெயர் போனது. ஏறும் பக்கத்தில் சோதிக்கப்படுவது என்ஜினின் சூடு. ஹெட் கேஸ்கட் ஒருமுறை போன வண்டியில், ஒன்பது பேரும் மூட்டைகளுமாக, எங்கள் கண்கள் சாலையைவிட வெப்பமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் போன் ஒலித்தது. களக்காட்டுக்காரர். கிரையம் முடிந்த அன்று, நோன்புப் பெருநாள் கழிந்து ஹைதராபாத் போகிறோம் என்று சொல்லியிருந்தோம். முந்திய நாள் தம்பியிடம் இன்ஷூரன்ஸ் தாள் ஒன்றைப் பற்றிப் பேசும்போது புறப்படும் நேரத்தைக் கேட்டு வைத்திருந்தாராம். "பாய், தொப்பூர் வந்தாச்சா? ஏசிய அமத்திட்டு, ரெண்டாவது கியர்ல பைய ஏறுங்க. முள்ளு பாதியத் தாண்டாது. தாண்டுனா நிறுத்திட்டுக் கூப்பிடுங்க, எந்நேரம்னாலும் எடுப்பேன்."

முள் பாதியைத் தாண்டவில்லை.

மேலே ஏறி ஓரமாக நிறுத்தியபோது, யார் பேசினது என்று உம்மா கேட்டார்கள். சொன்னோம். பேரம் பேசிய கதையை அவர்கள் அதுவரை முழுதாகக் கேட்டதில்லை, அன்றுதான் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "அவரு சொல்லாம இருந்திருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். கேஸ்கட் ஒருவேளை தெரிந்திருக்காது. மீட்டர் நிச்சயமாகத் தெரிந்திருக்காது. ஓசூர் வரை வண்டிக்குள் பிள்ளைகளின் சத்தம் மட்டுமே கேட்டது.

ஹைதராபாத்தில் பத்து நாட்கள். சாச்சியும் உம்மாவும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இரவெல்லாம் பேசினார்கள். பிள்ளைகளுக்கு 1591இல் கட்டப்பட்ட சார்மினாரும், அதன் அருகிலுள்ள மக்கா மஸ்ஜிதும். அவற்றைப் பற்றி வேறொரு சமயம் எழுதலாம்.

நாங்கள் இருவரும் அங்கே ஓர் இரவு மொட்டை மாடியில் கணக்கு பார்த்தோம். தம்பி எளிதில் இணங்கவில்லை. பேரம் ஹராமா என்றார். இல்லை. ஜரீர் (ரலி) அவர்களின் உறுதிமொழி முஸ்லிம்களுக்கு நலன் நாடுவது பற்றியதுதானே, இவர் முஸ்லிம் அல்லவே என்றார். ஹதீஸில் முஸ்லிம் என்று குறிப்பிட்டது பெரும்பான்மை கருதியே, மற்றவருக்கு நலம் நாடுவதும் கருத்தில் கொள்ளத்தக்கதே என ஃபத்ஹுல் பாரியில் இப்னு ஹஜர் (ரஹ்) எழுதியிருப்பதைச் சொன்னோம். அப்படியானால் எழுபதாயிரத்தையும் கொடுக்க வேண்டுமா என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. கணக்கை ஒவ்வொன்றாக எடுத்தோம். மீட்டரில் காட்டாத முப்பதாயிரம் கிலோமீட்டர் உண்மையான தேய்மானம். அதற்குக் குறைத்த 25,000 சரி. துருவுக்குக் குறைத்தது 15,000. புறப்படுமுன் வெல்டிங்கும் பெயிண்டும் செய்ய ஆன செலவு 9,000. கேஸ்கட்டை அவரே செலவழித்துச் சரி செய்திருந்தார், எங்கள் மெக்கானிக்கும் நன்றென்று சொல்லியிருந்தார். அது தெரிந்த பிறகும் குறைத்த 30,000க்கு எங்களிடம் காரணமே இல்லை, அவர் சொல்லிவிட்டார் என்பதைத் தவிர. 36,000 என்று கணக்கு வந்தது. போன் செய்யாமல் இருந்த இரண்டு நாட்களுக்கு என்ன விலை போடுவதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

ஊர் திரும்பிய வாரமே அந்த வேனிலேயே களக்காடு போனோம். தொகையைக் கொடுத்து, எந்தக் கணக்கில் இது வருகிறது என்று விளக்கினோம். மறுப்பார், வற்புறுத்திக் கையில் திணிக்க வேண்டியிருக்கும், கண் கலங்குவார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தோம் போலும். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. பணத்தை எண்ணிப் பார்த்து, "சரிதான் பாய், கேஸ்கட்டுக்கு நீங்க கொறச்சது எனக்கும் வருத்தமாத்தான் இருந்துது" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கட்டணத்தைச் சமாளிக்க, கொல்லையில் இன்னும் முற்றாத வாழைத்தார்களை வந்த விலைக்கு வெட்டிக் கொடுத்ததாகவும் அப்போதுதான் சொன்னார். பின்பு வண்டியின் அடியில் குனிந்து, வெல்டிங் வைத்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். உள்பக்கம் பெயிண்ட் படவில்லை, மழைக்கு முன் ஒரு கோட்டிங் அடித்துவிடுங்கள் என்றார்.

அடுத்த வாரம் மதரஸா திறக்கிறது. குதிரைச் சம்பவம் வழக்கம்போல் இரண்டாம் பருவத்தில் வரும்.