பாடசாலைக்கு அருகில் ஒரு வீடு



சில மாதங்களுக்கு முன்னர், மஃரிப் தொழுகைக்குப் பின் எமது உறவினர் ஒருவர் இல்லம் வந்தார். துணிக்கடையில் விற்பனையாளராகப் பணிபுரியும் அவர், வெல்லம்பிட்டியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து வாழ்கிறார். தேநீர் அருந்தி முடித்ததும் தயங்கியவாறே கேட்டார்: "நானா, உங்கள் விலாசத்தில் எங்கள் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்த்து, மாடியைக் குத்தகைக்குத் தந்ததாக ஓர் உறுதியும் எழுதித் தந்தால் போதும். நாங்கள் குடிவர மாட்டோம். மகனுக்கு இப்போதுதான் இரண்டு வயது, காலம் இருக்கிறது."

எமது இல்லம் கொழும்பில், பலரும் விரும்பும் அரசாங்கப் பாடசாலை ஒன்றுக்கு நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது. அது எமது மனைவியின் தந்தை வாங்கிய வீடு. எமது மத்ரஸாச் சம்பளத்தில் இன்று அதே ஒழுங்கையில் ஓர் அறையைக்கூட வாடகைக்கு எடுக்க இயலாது. எமது பிள்ளைகள் இருவரும் அப்பாடசாலையில் கற்பதற்கு எமது தகுதி எதுவும் காரணமன்று. அந்த வாசற்படியே காரணம்.

நம் நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். ஆயினும் தரம் 1 அனுமதியில் சரிபாதி இடங்கள் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு உரியவை. நல்ல பாடசாலைகள் சில, அவற்றைச் சூழ்ந்த காணியும் சொற்பம், விரும்புவோரோ பலர். ஆதலால் வகுப்பறையில் அறவிடப்படாத கட்டணம் காணி விலையிலும் வாடகையிலும் சேர்ந்துவிடுகிறது. வசதியுள்ளோர் அருகில் குடியேறுகின்றனர். அவர்களின் நன்கொடையாலும் செல்வாக்காலும் பாடசாலை மேலும் வளர்கிறது. காணி விலை மீண்டும் உயர்கிறது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் பொஸ்டன் புறநகர்களில், பாடசாலை எல்லைக் கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளைச் சாண்ட்ரா பிளாக் என்னும் பொருளியலாளர் ஒப்பிட்டு, 1999இல் தம் ஆய்வை வெளியிட்டார். சிறந்த ஆரம்பப் பாடசாலையின் பக்கத்திலுள்ள வீடுகளே விலை கூடியவையாக இருந்தன.

உறவினரின் ஏக்கம் நியாயமானது. அவர் கேட்ட வழியோ நியாயமற்றது. பொய்ச் சாட்சியத்தைப் பெரும்பாவங்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். உறவினருக்குப் பாதகமாயினும், சம்பந்தப்பட்டவர் செல்வந்தராயினும் ஏழையாயினும், நீதிக்கே சாட்சியாக நிற்குமாறு சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் பணிக்கிறது. மேலும், அந்தப் பொய் உறுதியால் இடத்தை இழப்பது செல்வந்தரின் பிள்ளையாகத்தான் இருக்கும் என்பதில்லை. எமது ஒழுங்கையின் கடைசியில், ஒற்றை அறையில் உண்மையாகவே வசிக்கும் முச்சக்கர வண்டிச் சாரதியின் மகளாகவும் இருக்கலாம்.

உண்மையாகவே குடிவருமாறு அழைக்கவும் வழியில்லை. மாடியில் எமது மாமியார் வசிக்கிறார். நாம் மறுத்தோம். "உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிட்டது, நானா" என்று மட்டும் கூறி அவர் எழுந்து சென்றார். அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. பொய் சொல்ல வேண்டிய தேவையே எமக்கு நேராதபோது, உண்மை பேசியதில் எமக்கென்ன பெருமை?

அச்சொல்லே எம்மை அவருடைய வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய பாடசாலைக்கு அழைத்துச் சென்றது. அதிபரைச் சந்தித்தோம். ஆசிரியர்கள் பற்றாக்குறை, வாசிப்பதற்கு நூல்களும் குறைவு. இப்போது சனிக்கிழமை தோறும், எமது மத்ரஸாவின் மூத்த மாணவர்கள் இருவருடன் அங்கு சென்று தமிழ் வாசிப்பும் கணக்கும் கற்பிக்கிறோம். இது சிறு முயற்சியே. எனினும், நல்ல பாடசாலையைத் தேடி வீடு மாற இயலாதோருக்கு, வீட்டருகே உள்ள பாடசாலையை நல்லதாக்குவதைத் தவிர வேறு வழி ஏது? வசதியுள்ள சகோதரர்கள் தமது ஸதகாவில் ஒரு பங்கை இத்தகைய பாடசாலைகளின் பக்கம் திருப்புவார்களாக.

உறவினர் இன்னும் எம்முடன் அதிகம் பேசுவதில்லை. அவருடைய மகன் பாடசாலை செல்ல இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. அதற்குள் அந்தச் சிறிய பாடசாலை அவனை வரவேற்கும் தகுதியைப் பெற அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.