எட்டுப் பாதி, நாலு பேர்

உருளைக்கிழங்கு வறுவலை எண்ண முடியாது. அரைக் கிலோ கிழங்கை நறுக்கி வடச்சட்டியில் போட்டு வறுத்து இறக்கினால் அது ஒரு குவியல். முதலில் உட்காருகிறவருக்கு இரண்டு கரண்டி, பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு கரண்டி, வளருகிற பிள்ளைக்கு மூன்று, முதலாமவர் மறுசோறு வாங்கும்போது அவருக்கு இன்னொன்று. குவியல் குறைந்துகொண்டே வரும். கடைசியாக உட்காருகிறவருக்கு எவ்வளவு மிஞ்சியது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கடைசியாக உட்காருகிறவர் யார் என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அம்மா சட்டிச் சோறு சாப்பிடுவார். வறுவல் காலியான வடச்சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டு, ஒட்டியிருக்கும் எண்ணெயும் மிளகாய்த்தூளும் கருகிய பொடியும் சேர்ந்து வரும்படி பிசைந்து, சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார். அந்தச் சோற்றுக்குத் தனி ருசி உண்டுதான். நானும் தம்பியும் சின்ன வயதில் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம், அம்மாவும் ஆளுக்கொரு உருண்டை தருவார். சட்டிச் சோற்றைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு அது வறுவல் தின்று முடித்த பிறகு கிடைத்த கூடுதல் உருண்டை. அம்மாவுக்கு அன்றைய தொட்டுக்கை மொத்தமும் அதுதான். அந்த உருண்டையிலும் எங்களுக்குப் பங்கு வைத்தார்.

2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேல். உருளைக்கிழங்கு தின்றால் இரத்தம் ஊறும் என்று சொல்ல வரவில்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே சோற்றுப் பானை. அதற்குள்ளேயே இத்தனை வித்தியாசம் எப்படி வருகிறது என்றால், அதில் ஒரு பகுதி கரண்டியில்தான் வருகிறது. மாதவிடாயும் பிரசவமும் மற்ற காரணங்களும் இருக்கின்றன. கரண்டியும் இருக்கிறது.

என் திருமண வாழ்க்கையை முடித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, கூடவே வந்த சாமான்களில் ஒரு ஓடிஜி அடுப்பும் இருந்தது. என் சம்பளத்தில் வாங்கியது என்பதால் எடுத்து வந்தேன். "கேக் கடை வைக்கப் போறயா?" என்றார் அப்பா. கொஞ்ச நாள் அதன்மேல் செய்தித்தாள்கள்தான் இருந்தன.

அதைத் துடைத்து எடுத்தது அம்மாவின் மணிக்கட்டுக்காக. வறுவல் பார்க்க எளிமையானது. ஆனால் மொறுமொறுவென்று வர வேண்டுமானால் சிறுதீயில் அரை மணி நேரத்துக்கு மேல் பக்கத்திலேயே நின்று கிளற வேண்டும். இரும்பு வடச்சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் திருப்ப வேண்டும். அறுபத்தேழு வயதில் அம்மாவால் முடியவில்லை. முடியவில்லை என்று சொல்லவும் இல்லை. கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் ரசம் சோற்றுக்கு உருளைக்கிழங்கு வேண்டும். தெற்கே வெஞ்சனம் என்பார்கள், எங்கள் பக்கம் தொட்டுக்க. "தொட்டுக்க என்ன?" என்ற கேள்வியில் சோறும் ரசமும் ஏற்கெனவே ஆகிவிட்டன என்ற நம்பிக்கை இருக்கிறது. அதுவும் ஆகியிருந்தால் எல்லாமே ஆகிவிட்டது என்று பொருள். அதை ஆக்குவதுதான் சமையலில் பாதி வேலை.

அடைத்துச் சுட்ட உருளைக்கிழங்கை இப்படித்தான் செய்கிறேன். கோயம்புத்தூரில் இருப்பதால் ஊட்டிக் கிழங்கு கிடைக்கும். நீலகிரியில் விளைவது மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, செம்மண் ஒட்டியபடியே கடைக்கு வரும். மற்றதைவிட விலை கூடுதல். கைக்கு அடக்கமாக, ஒவ்வொன்றும் இருநூறு கிராம் வருகிற மாதிரி, ஒரே அளவில் பொறுக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஒரே அளவு இல்லையென்றால் ஒன்று வெந்திருக்கும்போது இன்னொன்று நடுவில் கல்லாக இருக்கும். ஒரே அளவு வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பிறகு வருகிறேன். தோல் உரிகிற புதுக் கிழங்கு இதற்கு ஆகாது. அதில் நீர் அதிகம், உள்ளே மாவாக உதிராது.

மண் போகத் தேய்த்துக் கழுவி, ஈரம் துடைத்து, முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்தி, எண்ணெயும் உப்பும் தடவி, 200 டிகிரியில் சூடேறிய அடுப்பில் கம்பிமேல் நேரடியாக வைக்க வேண்டும். அலுமினியத் தாளில் சுற்றாதீர்கள். சுற்றினால் கிழங்கு தன் ஆவியிலேயே வெந்து தோல் தொளதொளவென்று ஆகிவிடும், குக்கரில் வைத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. ஒரு மணி நேரம், பெரிதாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். கொஞ்சம் ஆறியதும் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, தோலோடு ஒரு விரல்கனத்தில் பாதி சதை நிற்கும்படி விட்டு, மீதியை ஸ்பூனால் வழித்தெடுக்க வேண்டும். முழுவதும் வழித்தால் கிண்ணம் கிழிந்துவிடும். வழித்ததைச் சூட்டோடு வெண்ணெய், துணியில் கட்டி நீர் வடித்த தயிர், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துக் கையால் மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் மாவுச்சத்து உடைந்து பசை மாதிரி இழுக்கும், போஸ்டர் ஒட்டலாம். இதோடு பச்சை மிளகாய், கொத்தமல்லி, துருவிய சீஸ். திரும்பவும் கிண்ணங்களில் குவித்து அடைத்து, மேலே பொன்னிறம் வரும்வரை பதினைந்து இருபது நிமிடம் இன்னொரு முறை அடுப்பில்.

மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. "தொட்டுக்க ஒண்ணுக்கு இவ்வளவு நேரமா?" என்று அப்பா கேட்டார். நாற்பத்து மூன்று வருடத்தில் வறுவலைப் பற்றி அவர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அதற்கு ஆன நேரம் அம்மாவின் கையில் ஆனது, டிங் என்று மணி அடிக்காது. இந்த ஒன்றே முக்கால் மணியில் நான் அடுப்பருகே நிற்பது அரை மணிகூட இல்லை. மீதி நேரம் அடுப்பு நிற்கிறது. முதல் சில வாரங்கள் அந்த நேரத்தில் அம்மா ஸ்டவ்வைத் துடைத்தார், அலமாரியை அடுக்கினார், கருவேப்பிலை ஆய்ந்தார். சும்மா இருப்பது அவர் உடம்புக்குப் பழக்கமில்லை. நாடு முழுக்க 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடங்கள் என்று வந்தது. ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் வீட்டு வேலையைத் தொடுகிறார்கள், அப்படித் தொடுகிறவர்களும் 97 நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள். அம்மாவின் 299-இல் கொஞ்சத்தை ஓடிஜி எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். மின்கட்டணம் ஏறியதாக அப்பா சொன்னார். முதல் நூறு யூனிட் இலவசம், அதற்கு மேல் போவதில் பாதி உங்கள் அறை ஏசி என்றேன்.

இனி அந்த இன்னொரு காரணம். நாங்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, நான், இங்கே தங்கி பிளஸ் ஒன் படிக்கும் தம்பி மகன். நாலு கிழங்கு, எட்டுப் பாதி, ஆளுக்கு இரண்டு. தட்டு மேசைக்கு வரும்போதே கணக்கு எல்லோர் கண்ணிலும் படுகிறது. மூன்றாவதை ஒருவர் எடுத்தால் அது யாருடையதோ ஒருவருடையது. குவியலில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: எடுக்கப்பட்ட இடம் காலியாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் 1909 வாக்கில் நார்தர்ன் பசிபிக் ரயில்வே, தன் உணவுப் பெட்டிகளில் பெரிய சுட்ட உருளைக்கிழங்கைப் பரிமாறிப் பெயர் வாங்கியது. அளவுக்கு மீறிப் பெரிதாக விளைந்து விலைபோகாமல் பன்றிகளுக்குப் போய்க்கொண்டிருந்த கிழங்கை, உணவுப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்த ஹேசன் டைட்டஸ் வாங்கிச் சுட்டுப் பார்த்தார். பிறகு அந்த ரயில் பாதையின் விளம்பரமே உருளைக்கிழங்கு ஆனது. அங்கேயும் இது இறைச்சிக்குப் பக்கத்தில் வைக்கிற பண்டமாகவே நிலைத்தது. ஆனால் ஆளுக்கு ஒரு முழுக் கிழங்கு, அவரவர் தட்டில். டிக்கெட் வாங்கிய பெண்ணுக்கும் ஒரு முழுக் கிழங்குதான். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்தபின் சட்டியைக் கொண்டுவந்து அவர்முன் வைக்க முடியாது.

எண்ணிக்கை மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைப் பேரன் தட்டுக்குத் தள்ளினார். "எனக்கு ஒண்ணே போதும் கண்ணு" என்பார். பின்னால் அதையும் பிய்த்துப் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். வயிறு நிறைந்துவிட்டதோ என்றால், உள்ளே போய் மோர்ச் சோறு கரைத்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. நாலைந்து முறை கேட்ட பிறகு சொன்னார், சீஸ் அவருக்குப் பிடிக்கவில்லை. "சோப்புக் கட்டியத் தின்ன மாதிரி இருக்குது."

சரி, என்ன வைத்தால் பிடிக்கும் என்றேன். நீண்ட நேரம் பதில் இல்லை. அப்பாவுக்குப் பிடித்தது, தம்பிக்குப் பிடித்தது, இறந்துபோன என் பாட்டிக்குப் பிடித்தது, பாட்டி படுக்கையில் விழுந்தபின் அவருக்கு ஒத்துக்கொண்டது, எல்லாம் அம்மா வரிசையாகச் சொல்லுவார். தன்னைப் பற்றிக் கேட்டால் "எதுவானாலும் சரி". அந்த எதுவானாலும் சரியை உடைக்க இரண்டு வாரம் ஆனது. ஒருநாள் தானே வந்து, சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக் கடலெண்ணெயில் சிவக்க வதக்கி, கருவேப்பிலை கிள்ளிப் போட்டு, தேங்காய்த் துருவலும் மிளகும் சேர்த்து அடைத்தால் நன்றாக இருக்கும் என்றார். வெண்ணெய் வேண்டாம், தயிர் வேண்டாம். மேலே வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாக இடித்துத் தூவ வேண்டும். இத்தனை துல்லியமான ருசி அவருக்குள் எங்கே இருந்தது!

அதிலிருந்து எட்டில் இரண்டு தனியாக இருக்கிறது. தட்டின் ஓரத்தில், கடலை தூவியது. சீஸ் இல்லாததால் தம்பி மகனுக்கு முதலில் அதில் ஆசை இல்லை. பிறகு வாசனை பிடித்துப்போய் ஒருநாள் கை நீட்டினான். அப்பா சாப்பிட்டபடியே, "எடுத்துக்கடா, ஆத்தாளுக்கு வேணாம்" என்றார்.

அம்மா சமையலறை வாசலில் ரசக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க, அது என்ற பங்குங்க" என்றார்.

குரல் உயரவில்லை. பையன் கையை இழுத்துக்கொண்டான். அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா வந்து உட்கார்ந்தார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தார் என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவும் சூட்டோடு தின்றால்தான் ருசி. அடுத்த வாரம் பையன், "அத்தை, எனக்கும் ஆத்தா மாதிரி ஒண்ணு" என்று கேட்டான். செய்து கொடுத்தோம், அவனுடைய இரண்டில் ஒன்றாக.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. வறுவல் நாட்களில் எத்தனை கரண்டி போனது என்று அவருக்கே தெரியாது. இப்போது இரண்டு பாதிதான், வாரம் ஒருமுறைதான். அவருக்கு இதில் வருத்தம் இருக்கிறது. வறுவல்தான் வேண்டும் என்று கேட்கவும் செய்கிறார். வடச்சட்டி அதே இடத்தில்தான் மாட்டியிருக்கிறது, நீங்கள் நின்று கிளறினால் நான் நறுக்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒருமுறை கிளறினார், கால்மணி நேரம். அன்றைக்கு வறுவல் வேகவில்லை.

எண்ணிச் செய்கிற சமையலில் எனக்கு ஒரு சங்கடமும் வந்தது. பாத்திரம் துலக்க வரும் அக்கா முன்பெல்லாம் போகும்போது மிஞ்சிய பொரியல், வறுவல் எடுத்துப் போவார். எட்டுப் பாதி நாலு பேருக்குச் சரியாகப் போய்விட்டால் எதுவும் மிஞ்சாது. மேசைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால், சீஸ் கருகி ஒட்டிய தட்டைச் சுரண்டுகிறவர் கணக்கில் வரமாட்டார். தட்டை நானே ஊறவைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கிழங்கு ஐந்து ஆனது. பாதி பத்து. அவருக்கு எது பிடிக்கும் என்று அம்மாதான் கேட்டார். சீஸ் வைத்ததுதான் வேண்டும் என்று உடனே சொல்லிவிட்டார், எதுவானாலும் சரி என்றெல்லாம் சொல்லவில்லை.

வேலை முடிந்து அவர் போகும்போது இரண்டையும் டப்பாவில் வைத்துக் கொடுக்கிறேன். வீட்டில் எத்தனை பேர் என்று ஒருநாள் கேட்டேன். அஞ்சு பேர் என்றார். ரெண்டு பாதியை அஞ்சு பேருக்கு எப்படிக்கா பங்கு வைப்பீங்க என்றேன்.

"எங்கீங்க பங்கு வெக்கறது," என்று சிரித்தார். "பஸ் ஸ்டாப்புலயே உக்காந்து தின்னு போட்டுத்தான் போறேன் அம்மிணி."