உள்ளே பார்த்திருந்த எழுத்து

எண்ணெய் எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்க்க அந்தப் பட்டறையில் ஓர் அட்டைப்பெட்டி போதும். பெட்டியைப் பிரித்து, மாலையில் எஞ்சினைச் சூடேற ஓட்டி நிறுத்திய பிறகு காருக்கு அடியில் விரித்துவிடுகிறார்கள். நான் போன காலையில், கிராங்க் புல்லிக்கு நேர்கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

பட்டறை இருப்பது இங்கிலாந்தில், அபிங்டனுக்கு வெளியே. 1929இலிருந்து 1980 வரை எம்.ஜி. கார்த் தொழிற்சாலை இருந்த ஊர் அது. வந்திருந்த காரும் அந்த ஊர்ப் பிள்ளைதான்: 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி., நான்கு சிலிண்டர், 1798 சி.சி. இந்த ரகத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். உதிரிபாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் வீட்டுக் கொட்டகையிலேயே எஞ்சினைப் பிரித்துக் கோக்கிறவர்களும் அதிகம். இந்தக் காரின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு குளிர்காலம் முழுக்க அதைத்தான் செய்திருந்தார். வண்டி நன்றாக ஓடுகிறது, முன்னால் ஒழுகுகிறது, ஆயில் சீலை மட்டும் மாற்றித் தந்தால் போதும் என்றார்.

பட்டறையில் இருவர்: அறுபதைக் கடந்த மெக்கானிக், தொழில் பழகும் இளைஞர். அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் பெரியவரை மனசுக்குள் 'மேஸ்திரி' என்றே அழைக்கத் தோன்றியது.

"சீல் புதுசு. புது சீல் ஒழுகினால் அதற்குப் பின்னால் பார்க்கணும்" என்றார் மேஸ்திரி.

தண்ணீரை வடித்து ரேடியேட்டரைக் கழற்றினார்கள். கிராங்க் நட்டைப் பூட்டியிருந்த வாஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்தினார்கள். நட்டைத் திருகினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும் அல்லவா? காரை நான்காவது கியரில் போட்டு, இளைஞர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மேஸ்திரி நீளக் கம்பியை மாட்டி ஒரே இழுப்பு.

டைமிங் கவர் வந்தது. உள்ளே செயின், இரண்டு பல்சக்கரங்கள். சக்கரங்களின் புள்ளிகள் எதிரெதிரே சரியாக நின்றன. ஆசிரியர் கவனமானவர்தான். பிசகு இருந்தது கிராங்க் முனையில், ஒரு மெல்லிய தகட்டில். ஆயில் த்ரோயர் என்பார்கள். செயினிலிருந்து வழியும் எண்ணெயைச் சீலுக்குப் போகவிடாமல் சுழற்றி விசிறுவது அதன் வேலை. அதில் 'எஃப்' என்று ஓர் எழுத்து பொறித்திருக்கும். அது வெளியே, நம்மைப் பார்த்து இருக்கவேண்டும். எங்களுக்குத் தெரிந்தது எழுத்தில்லாத பக்கம். தகட்டைத் திருப்பிப் போட அரை நிமிடம். அதை எட்டத்தான் அரைநாள்.

மூடும்போது மேஸ்திரி இன்னொன்றைக் காட்டினார். கவரின் போல்ட்டுகளை விரலால் மட்டும் பிடிக்கவைத்து, புல்லியின் கழுத்தில் எண்ணெய் தடவிச் சீலுக்குள் நுழைத்தார். சீல் தானாக நடுவுக்கு வந்த பிறகுதான் போல்ட்டுகளை முறுக்கினார். முதலிலேயே இறுக்கிவிட்டால் சீல் ஒருபக்கம் நசுங்கி, நேராகப் போட்ட தகடும் பயன்படாது. கடைசியாக நட்டுக்கு 70 பவுண்டு-அடி முறுக்கு.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். டைமிங் பார்க்கக் குனிந்த இளைஞர், டிஸ்டிரிபியூட்டர் மூடியைப் பார்த்துச் சிரித்தார். முதல் சிலிண்டரின் ஒயர் நான்காவதன் இடத்தில் இருந்தது. மற்றவையும் அதேபோல எதிர்ப்பக்கம். டிஸ்டிரிபியூட்டரைச் சுற்றும் தண்டை ஆசிரியர் அரைச்சுற்று தப்பாக இறக்கிவிட்டு, எஞ்சின் கார்புரேட்டர் வழியே துப்பவும், ஒயர்களை மாற்றிச் செருகிச் சமாளித்திருக்கிறார். 1-3-4-2 என்ற வரிசை கெடவில்லை. எஞ்சினுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

"ஓடுகிறதே, விட்டுவிடலாம்" என்றார் இளைஞர்.

"அடுத்து ஒயர் மாற்றுகிறவன் புத்தகத்தைப் பார்த்துத்தான் செருகுவான். அவனுக்கு ஒருநாள் போகும்."

எனக்கு இளைஞர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. இன்னும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் மேஸ்திரி அதற்குள் டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றியிருந்தார். முதல் பிஸ்டனை அமுக்க வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, மூன்றரை அங்குல போல்ட் ஒன்றைத் தண்டின் தலையில் திருகி வெளியே இழுத்தார். திரும்ப இறக்குவதுதான் வித்தை. பற்கள் சாய்வாக இருப்பதால், கேம்ஷாப்டோடு கோக்கும்போது தண்டு இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே இறங்கும். அந்தத் திருப்பத்தை முன்கூட்டியே கணித்துப் பிடித்தால், தலையிலுள்ள பள்ளம் கடிகாரத்தில் ஒரு மணி காட்டும் திசையில் வந்து நிற்கும். முதல் தடவை ஒரு பல் தள்ளிப் போனது. ஒன்றும் சொல்லாமல் மேலே இழுத்து, மறுபடி விட்டார். நின்றது.

சாயங்காலம் பில் எழுதினார்கள். சீல், கேஸ்கெட், லாக் வாஷர், ஆறு மணி நேரக் கூலி. டிஸ்டிரிபியூட்டர் வேலைக்குக் கணக்கு எழுதவில்லை. ஒயர்கள் இப்போது புத்தகத்தில் உள்ளபடி இருக்கின்றன என்று மட்டும் அடியில் ஒரு வரி.