எர்ணாவூர் உரமூட்டையும் நெல்லிக்குப்பம் சாராய ஆலையும்

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் விரைவுச்சாலையில் வடக்கே போனால் எர்ணாவூர். ஒரு பக்கம் கடல், கரையில் கொட்டிய கருங்கற்கள், மீனவர் குப்பங்கள். மறுபக்கம் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள். சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்பும் இங்கேதான் உள்ளது. சற்று வடக்கே, பெரியகுப்பத்தை ஒட்டி ஓர் உரத் தொழிற்சாலை. நெல்லுக்கு அடியுரமாகப் போடும் 20:20:0:13 காம்ப்ளக்ஸ் இங்கே தயாராகிறது. இப்போது அது கோரமண்டல் கம்பெனியின் ஆலை. 1960-களில் அதை நிறுவியது இ.ஐ.டி. பாரி. அந்த மூன்று எழுத்துகளின் விரிவைப் பல விவசாயிகள் கேட்டிருக்க மாட்டார்கள்: ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ். டிஸ்டில்லரி என்றால் சாராயம் வடிக்கும் ஆலை.

வேல்ஸ் நாட்டுக்காரரான தாமஸ் பாரி 1788-ல் சென்னையில் வியாபாரம் தொடங்கினார். பாரிமுனை அவர் பெயரைத்தான் சுமக்கிறது. 1819-ல் டேர் என்பவர் பங்காளியாகச் சேர்ந்தார். 1824-ல் பாரி இறந்தார். பெயர் மட்டும் கம்பெனியோடு நின்றுவிட்டது. 1842-ல் கடலூர் பக்கம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வந்தது. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்து வடித்தால் சாராயம். இந்தத் தொழில்களுக்காக 1897-ல் லண்டனில் பதிவான கம்பெனிதான் ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு சுகர் ஃபேக்டரீஸ்.

கரும்பு விவசாயி ஒரு கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு டன் கரும்பில் சுமார் 40 முதல் 45 கிலோ மொலாசஸ் கிடைக்கும். அதிலிருந்து ஏறத்தாழ 10 லிட்டர் ஆல்கஹால் வடிக்கலாம். மொலாசஸ், சக்கை, ஆலைமண் ஆகியவற்றின் வருமானத்தையும் பார்த்தே கரும்புக்கு விலை வைக்க வேண்டும் என்று கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. கரும்பு விலைக் கூட்டங்களில் இதை எடுத்துக் கேட்பவர்கள் குறைவு. வடித்த பிறகு மிஞ்சும் கழிவுநீரில் சாம்பல்சத்து அதிகம். அதை நேராகப் பயிருக்கு விட்டால் பயிர் கருகும். ஆலைமண்ணோடு கலந்து மக்கவைத்தால் நல்ல உரம்.

1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. குடிக்கும் சாராயத்துக்குக் கதவு அடைத்தாலும் தொழிற்சாலைகளுக்கு ஆல்கஹால் தேவைப்பட்டது. கம்பெனிக்கு உரத் தொழிலும் புதிதல்ல. ராணிப்பேட்டையில் 1906-லேயே சூப்பர் பாஸ்பேட் செய்தவர்கள் அவர்கள்.

1981-ல் பாரி கம்பெனி முருகப்பா குடும்பத்தின் கைக்கு வந்தது. சிவகங்கை பக்கம் பள்ளத்தூரைச் சேர்ந்த இந்தக் குடும்பம் பர்மாவில் வட்டித் தொழிலில் தொடங்கியது. எர்ணாவூருக்கு அது புதிய பெயரல்ல. அவர்களுடைய கார்போரண்டம் ஆலை 1950-களிலிருந்தே பக்கத்துத் திருவொற்றியூரில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு உரப்பிரிவு கோரமண்டலுக்குப் போயிற்று. சர்க்கரையும் வடிப்பாலையும் இ.ஐ.டி. பாரியிடமே நின்றன. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் இந்தக் காலத்தில் அந்தப் பழைய பெயர் மறுபடி பொருந்தி வருகிறது.

மூட்டையில் உள்ள தழைச்சத்துக்கு அம்மோனியா வேண்டும். அது கப்பலில் வந்து, கடலடிக் குழாய் வழியாக ஆலைக்குள் இறங்கும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அந்தக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உற்பத்தி நிறுத்தப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்து விசாரித்தது. ஆலையை நிரந்தரமாக மூடக் கோரி ஊர்மக்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். 2024-ல் ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது. குப்பத்துப் பெண்கள் இன்னமும் இரவில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டே படுக்கிறார்கள்.